சரிவு மனையில் வீடு: தாங்கு சுவரைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: நான் வாங்கியிருக்கும் மனை, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வருவதற்குள் சுமார் 8 அடி இறங்குகிறது. மண் கொட்டி மட்டம் செய்து வீடு கட்டப் போகிறோம். பிளான் தயார். "முதலில் வீட்டை முடிப்போம், தாங்கு சுவரைக் காம்பவுண்டோடு சேர்த்துக் கடைசியில் போட்டுக்கலாம்" என்கிறார் காண்டிராக்டர். சரியா?

பதில்: கூடாது. கொட்டிய மண் சரியாமல் பிடித்து நிற்கும் 8 அடி உயரக் காங்கிரீட் தாங்கு சுவர் என்றால் வெளியே தெரிகிற சுவர் மட்டுமில்லை. அதன் அடியில் ஏறக்குறைய 4 முதல் 6 அடி அகலத்துக்குப் பாதம் ஒன்று படுத்திருக்கும். வழக்கமாக அதில் பெரும்பகுதி வீட்டுப் பக்கம் மண்ணுக்கடியில் போகும். அதன்மேல் உட்காரும் மண்ணின் எடைதான் சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. வீட்டை முடித்துவிட்டு இதைப் போட வந்தால், வீடு நிற்கிற மண்ணையே தோண்டியாக வேண்டும். அதற்கு யாரும் துணிய மாட்டார்கள். பாதத்தைக் குறுக்குவார்கள், இல்லையென்றால் காம்பவுண்ட் சுவரையே கொஞ்சம் தடிமனாக்கி "இது போதும் சார்" என்பார்கள்.

போதாது. சுவரின் உயரத்தை 4 அடியிலிருந்து 8 அடியாக்கினால் மண் தள்ளும் விசை 4 மடங்காகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை 8 மடங்காகும். "எத்தனையோ சுவர் கட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்பவரிடம் அவை எத்தனை அடி உயரம் என்று கேட்டுப் பாருங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது, பிளான் தயார் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். மட்டமான தாளில் வரைந்த பிளானைச் சரிவில் உட்கார வைக்கத்தான் இவ்வளவு மண்ணும் சுவரும் தேவைப்படுகின்றன. முதலில் மனையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லெவல் சர்வே எடுத்து, முன்னிருந்து பின்வரை மனையை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தது போல ஒரு குறுக்குவெட்டு வரையச் சொல்லுங்கள். வீட்டின் தரையையே இரண்டு மட்டமாகப் பிரித்தால் சுவரின் உயரம் பாதியாகக் குறையலாம். இரண்டு குட்டைச் சுவர்களாகப் படியமைப்பதும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளியாவது இல்லாவிட்டால் மேல்சுவரின் பாரமும் கீழ்ச்சுவர் தலையில்தான் விழும்.

வீட்டின் அஸ்திவாரத்திலும் கவனம் வேண்டும். கொட்டிய மண்ணில் அதை நிறுத்தாதீர்கள், பழைய கெட்டித் தரை வரை இறக்குங்கள்.

அடுத்தது தண்ணீர். மழைநீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கினால், சுவர் தாங்க வேண்டிய விசை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். அதனால் எல்லோரும் சுவரில் பைப் வைக்கிறார்கள். ஆனால் அதன் பின்னால் ஜல்லி போடுவதில்லை! தோண்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிடுகிறார்கள். பைப்புக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஜல்லியில் கடகடவென்று இடறினால் நல்லது. நுனியில் களிமண் அப்பிக்கொண்டு வந்தால் அந்த ஓட்டை வெறும் அலங்காரம். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஜல்லி, மண் புகாமலிருக்க வடிதுணி, அடியில் துளையிட்ட வடிகுழாய்: மூன்றையும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாகக் கேளுங்கள்.

எஸ்டிமேட் என்றதும் சொல்ல வேண்டியது: சதுர அடி ரேட்டில் பேசுகிறவர்களின் கணக்கில் தாங்கு சுவர் பெரும்பாலும் இருக்காது. "மனை சீரமைப்பு தனி" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பாதி வீடு எழும்பிய பிறகுதான் அந்த வரி உங்களுக்குப் புரியும். புரோக்கர் "லெவல் பண்ணிக் கொடுத்த மனை" என்றாலும் மயங்க வேண்டாம். ஒரு குழி தோண்டுங்கள். செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் வந்தால் அது இடிபாட்டு மேடு. இடத்தையே பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து எந்தச் சுவரையும் நிறுத்தாது.

அனுமதி கிடைத்துவிட்டதே என்பீர்கள். நான் பார்த்த அலுவலகங்களில் எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை அங்குலம் பிசகாமல் அளப்பார்கள், ஒரே படத்தை மூன்று பிரதி கேட்பார்கள். கொட்டப்போகும் 8 அடி மண் எதன்மேல் சாய்ந்து நிற்கப்போகிறது என்று ஒருவர் கேட்டதில்லை. சுவர் விழுந்த பிறகு மட்டும் கோப்பு வேகமாக நகரும்.

"முதலில் சுவர்" என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. மேட்டை வெட்டி, வீட்டின் கீழ்த்தளச் சுவரையே மண் தாங்க வைப்பது. அந்தச் சுவரின் தலையைப் பிடிப்பது மேலே வரும் கூரைத்தளம். ஆகவே தளம் போட்டு, காங்கிரீட் இறுகும்வரை பின்னால் மண் தள்ளவே கூடாது. வாடகைக்கு வந்த ஜேசிபி சும்மா நிற்கிறதே என்று அவசரப்பட்டுத் தள்ளுவார்கள். சுவர் உள்பக்கம் வயிறு தள்ளும். சாதாரணத் தாங்கு சுவர் இம்மியளவு முன்னே சாய்ந்து விசையைக் குறைத்துக்கொள்ளும். இது தளத்தில் முட்டி நிற்பதால் சாய முடியாது. எனவே இன்னும் அதிக விசைக்குக் கணக்கிட வேண்டும். கம்பி அமைப்பும் வேறு. தனிச் சுவரில் முக்கியக் கம்பி மண் பக்கம் வரும். தலை பிடிக்கப்பட்ட சுவரில் நடு உயரத்தில் வீட்டுப் பக்கமும் தேவை. ஒன்றின் டிராயிங்கை மற்றதற்குப் பயன்படுத்தாதீர்கள். நீர்க்காப்புப் பூச்சு, மண் மூடுவதற்கு முன்பே வெளிப்பக்கத்தில் முடிந்திருக்க வேண்டும். பிறகு உள்ளே எத்தனை பூச்சு பூசினாலும் ஈரம் நிற்காது.

இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குறுக்குவெட்டுப் படத்தைக் காண்டிராக்டர் முன் வைத்து, பாதம் எத்தனை அடி, முக்கியக் கம்பி எந்தப் பக்கம் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். "அதெல்லாம் சைட்ல பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.