காந்தம் ஒட்டிய குழாய்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 31. பல்லடம் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். பிரிட்டனில் பதிவான ஒரு தொண்டு நிறுவனம், உகாண்டாவின் வடமேற்கில் யும்பே மாவட்டத்தில் இருக்கும் பிடிபிடி அகதிகள் குடியிருப்பில் தண்ணீர் வேலைக்குத் தன்னார்வலர் கேட்டது. தெற்கு சூடான் சண்டையிலிருந்து ஓடிவந்தவர்கள் இருக்கும் இடம். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும்தான். வேலையை விட்டுவிட்டுப் போனேன். விமான டிக்கெட்டுக்கு நண்பர்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 14 மாதம் இருந்தேன். திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை.

அங்கே எல்லாம் நம் ஊர் அடிபம்புதான் மேடம். இந்தியா மார்க் 2. அங்கே யூ2 என்று சொல்வார்கள். முதல் நாள் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் எட்டாவது மாதத்திலேயே புதிதாகப் போட்ட பம்புகளில் காலையில் அடித்தால் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர். துணி கறை பிடிக்கிறது, டீ கறுத்துப்போகிறது என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். சிலர் பழையபடி ஓடைக்கே போக ஆரம்பித்தார்கள். பில்லில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். கழற்றிப் பார்த்தால் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, அதுவும் மெல்லிய பூச்சு. அந்தத் தண்ணீரின் பிஹெச் 6-க்குக் கீழே, அமிலத்தன்மை உள்ள தண்ணீர். துத்தநாகம் எப்படித் தாங்கும்? மொத்தம் 11 போர்வெல், ஒவ்வொன்றிலும் மூன்று மீட்டர் குழாய் 12. அந்த 132 குழாய்க்கான விலை வித்தியாசம் யார் பையில் போனது? இதில் இயக்குநருக்குப் புது லேண்ட் க்ரூஸர்.

கொட்டேஷன் ஃபைலையும் பார்த்தேன். மூன்று கம்பெனி, மூன்று லெட்டர்ஹெட், ஆனால் மூன்றிலும் ‘சிலிண்டர்’ என்ற வார்த்தையில் ஒரே எழுத்துப்பிழை! பயிற்சி வகுப்புக்கு வந்ததாக 40 பேர் கைநாட்டு, பாதி ஒரே விரல். ஒரு பம்புக்கு 500 பேர் என்பது கணக்கு. அங்கே வரிசையில் நிற்பவர்களை எண்ணினால் கண்ணீர் வரும். அவர்கள் நடுவே அந்த லேண்ட் க்ரூஸர் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்.

நான் சும்மா இருக்கவில்லை. இயக்குநருக்குப் போட்டோக்களோடு இமெயில் போட்டேன். “யார் சொன்னது, ஆதாரம் என்ன?” என்று கேட்டார்கள். எங்களிடம் பம்பு ரிப்பேர் பார்த்த உள்ளூர் மெக்கானிக்தான் குழாயில் காந்தம் ஒட்டுவதைக் காட்டினார் என்று எழுதினேன், பெரியவர், முஸே என்று கூப்பிடுவோம், அதன்பிறகு அவருக்கு ரிப்பேர் வேலை கொடுப்பதில்லையாம், இரண்டு முறை வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்திருந்தார், என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன், அது வேறு விஷயம். எனக்கு வந்த பதில்: “உங்கள் அக்கறைக்கு நன்றி, உள் விசாரணை நடக்கிறது.” அவ்வளவுதான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நீட்டிக்கவில்லை. வழியனுப்பக்கூட யாரும் வரவில்லை. லேண்ட் க்ரூஸர் இருந்தும் பஸ்ஸில்தான் கம்பாலா வந்தேன்.

இங்கே வந்து படித்தால் எல்லா இடத்திலும் இதே கதை. உகாண்டாவில் 14 லட்சம் அகதிகள் என்று கணக்குக் காட்டினார்கள். 2018-இல் ஆள் ஆளாகக் கைரேகை எடுத்து எண்ணினால் 11 லட்சம்தான். ஐ.நா. அகதிகள் அமைப்பே, ரோடு போட்டுப் பழக்கமில்லாத கான்ட்ராக்டருக்கு ரோடு வேலைக்கு 79 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. நல்லவனாக இருப்பதே முட்டாள்தனமா மேடம்? “ஊரான் கிணற்றைத் தூர்வாரப் போனியே” என்று அப்பா தினமும் குத்துகிறார். யாருக்கும் ஒரு ரூபாய் தானம் கொடுக்கக் கை வரவில்லை. ஏமாந்துவிட்டேன் என்ற எண்ணத்திலிருந்து எப்படி வெளியே வருவது?

பெயர் வெளியிட வேண்டாம், பல்லடம்.

---

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் லேண்ட் க்ரூஸர் மூன்று இடத்தில் வருகிறது. அந்தப் பெரியவர் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறார். மூச்சுவிடாமல் எழுதி, கடைசியில் “அது வேறு விஷயம்” என்று கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். நான் அந்தக் கதவைத்தான் தட்டப்போகிறேன். மற்றவற்றுக்கு என் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

முதலில், நடந்தது மோசடி என்ற உங்கள் முடிவில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. காந்தம் ஒட்டியது மட்டும் போதாது; சில வகை ஸ்டெயின்லெஸ் குழாயிலும் மரை வெட்டிய இடத்தில் லேசாக ஒட்டும். ஆனால் கழற்றிய குழாயில் துரு இருக்கிறது, பில்லில் வேறு பொருள் இருக்கிறது. இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் அடிக்கும் முதல் தண்ணீர் சிவந்து, தொடர்ந்து அடிக்க அடிக்கத் தெளிந்தால், இரும்பு பாறையிலிருந்து வரவில்லை, குழாயிலிருந்து வருகிறது. நீங்கள் எழுதியதும் அந்தக் காலைத் தண்ணீரைத்தான். இந்தச் சிக்கல் தெரிந்துதான் உகாண்டா அரசு 2016-இலேயே அடிபம்புகளுக்கு ஜிஐ குழாய் போடுவதை நிறுத்தச் சொன்னது. அதை மீறிப் போட்டதற்கு அறியாமை என்ற சாக்கும் செல்லாது.

இப்போது பெரியவருக்கு வருவோம்.

“யார் சொன்னது?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையே தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சாட்சி பூமிக்குள் 36 மீட்டர் ஆழத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு போர்வெல்லின் குழாயை மேலே இழுத்து, பில்லை பக்கத்தில் வைத்தால் முடிந்தது. காந்தத்தைப் பிடித்த கை யாருடையதாக இருந்தால் என்ன? உண்மையைத் தேட நினைக்கும் நிர்வாகம் “எந்தப் போர், எந்தத் தேதி, பில் நம்பர் என்ன” என்று கேட்கும். புகாரை அமுக்க நினைக்கும் நிர்வாகம் “யார்” என்று கேட்கும். உங்களிடம் அந்த இரண்டாவது கேள்வி வந்தது, நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. உங்களை யாரும் நம்பவில்லை, நம்பவைக்க ஒருவரை முன்னால் நிறுத்தினீர்கள். ஆனால் அவரிடம் கேட்காமல் நிறுத்தினீர்கள். உங்கள் பையில் திரும்பிவரும் டிக்கெட் இருந்தது. அவருக்கு யும்பேதான் ஊர். பம்பு மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு ரிப்பேருக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அழைப்பதை நிறுத்தினால் போதும், வேலைநீக்க உத்தரவுகூடத் தேவையில்லை. கோபத்தில் நீங்கள் இழந்தது ஒப்பந்த நீட்டிப்பு. உங்கள் கோபத்துக்கு அவர் கொடுத்த விலை அடுப்பில் தெரியும். இது கசப்பாக இருக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்வதைவிட இது கசப்பு குறைவு என்று நினைக்கிறேன்.

‘அறக்காயம்’ என்று ஒன்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் அதைப் பற்றி எழுதினார்: உயிர்போகும் நேரத்தில், நியாயம் பார்க்கவேண்டிய மேலதிகாரியே துரோகம் செய்தால் மனதில் விழும் காயம். பின்னால், 2009-இல் பிரெட் லிட்ஸும் அவருடைய சகாக்களும் இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார்கள்: தன் கையால் செய்ததும், தடுத்திருக்கலாம் என்று தெரிந்தும் தடுக்காததும் அதே இடத்தில் காயமாகும். உங்கள் கடிதம் முழுக்க முதல் வகையைப் பற்றியது. தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது வகை. முதலாவதைச் சொல்வது சுலபம். அதில் நாம் ஏமாந்தவர், எதிரே வில்லன் இருக்கிறார், அவருக்குக் காரும் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்ல வாய் வராது. அதனால் முதலாவதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தீர்க்கப் பார்க்கிறோம். தீராது, ஏனென்றால் அது வேறு கணக்கு.

2018 புள்ளிவிவரங்களை நீங்கள் தேடிப் படித்ததும் இதில் சேர்த்திதான். எல்லோரும் திருடுகிறார்கள் என்றால் என் பங்கு கரைந்துபோகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. நீங்கள் எழுதியவை சரியான எண்கள்தான். ரோடு வேலையோடு, 2,88,000 போர்வைகளும் 50,000 தள்ளுவண்டிகளும் 15,000 சூரிய விளக்குகளும் கிடங்கிலேயே கிடந்த கதையும் அதே தணிக்கை அறிக்கையில் உண்டு. ஆனால் அதை எழுதியது யார்? ஐ.நா.வின் உள் தணிக்கையாளர்கள். மூன்று லட்சம் பேர் குறைவு என்று தெரிந்தது எப்படி? யாரோ மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு கையாக ஸ்கேன் செய்தார்கள். அவர்களோடு அந்தப் பெரியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர் உங்களுக்கு முன்பே எண்ண ஆரம்பித்தவர். “நல்லவனாக இருப்பது முட்டாள்தனமா” என்று என்னிடம் கேட்கிறீர்கள். அதைக் கேட்க உரிமையுள்ளவர் நலம் விசாரித்து இரண்டு செய்தி அனுப்பியிருக்கிறார்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய குத்தல் உங்களுக்கு ஒரு விதத்தில் வசதியாக இருக்கிறது. அவரோடு சண்டை போடும்வரை நீங்கள் ஏமாந்த நல்ல பிள்ளைதான். இதை யோசித்துப் பாருங்கள், பதில் எழுத வேண்டாம்.

செய்யவேண்டியது அதிகம் இல்லை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் அவருக்குச் செய்தி. நாலு வரி போதும்: உங்கள் பெயரை நான் கேட்காமல் சொல்லிவிட்டேன், அதனால் உங்களுக்கு வேலை போனது என்று கேள்விப்பட்டேன், பதில் போடாமல் இருந்தது என் தப்பு, இப்போது நிலைமை எப்படி? “மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்” என்று கெஞ்ச வேண்டாம், அது அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது. எடுத்த எடுப்பில் பணமும் அனுப்பாதீர்கள்; பேச்சு முடிந்துபோகும். அவர் திட்டலாம், பதிலே போடாமல் இருக்கலாம். இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

அடுத்த புகாரை அவர் சம்மதத்துக்குப் பிறகுதான் எழுத வேண்டும். இந்த முறை இயக்குநருக்கு வேண்டாம். ஒவ்வொரு பம்பின் அருகிலும் யார் பணத்தில் போட்டது என்று பலகை இருக்கும், உங்கள் போட்டோக்களில் தேடுங்கள். அந்த நன்கொடையாளருக்கும், பிரிட்டனில் பதிவான நிறுவனம் என்பதால் அங்கே தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனுக்கும் எழுதலாம். தன்னார்வலர்களின் புகாரையும் அது ஏற்கும். போர் நம்பர், குழாய் கழற்றிய தேதி, பில்லில் உள்ள பொருள், கையில் கிடைத்த பொருள் என்று 11 போருக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், கேள்விப்பட்டது இன்னொரு பக்கம். லேண்ட் க்ரூஸரை விட்டுவிடுங்கள். அது எந்தப் பணத்தில் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பொறாமை என்று தள்ளிவிடுவார்கள். பெரியவரின் கை, சைக்கிள், நிழல் எது தெரிந்தாலும் அந்தப் போட்டோ வேண்டாம். உகாண்டாவில் 2010-இல் வந்த சட்டம் ஊழலை வெளிச்சொல்பவருக்குப் பாதுகாப்பும், மீட்ட பணத்தில் 5 சதவீதமும் தருகிறது. அந்த வழியில் போவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவருக்கு உங்களைவிட அந்த ஊர் தெரியும்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

உகாண்டாவில் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு ஒன்பதுக்கு அனுப்பினால் அவருக்கு மாலை ஆறரை, கை கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார். ‘முஸே’ என்றே தொடங்குங்கள்.