மழைக்கு இடிக்கும் வாசல் கதவு

கேள்வி: மண்டபத்தில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பழைய வீட்டைப் புதுப்பித்தபோது வாசலுக்கு வேப்பமர நிலையும் புது மரக்கதவும் போட்டோம். ஐப்பசி மழை தொடங்கியதும் பூட்டுப் பக்கம் மேல் மூலை இடிக்கிறது. நிலையை ஒட்டிப் பூச்சு வெடித்திருக்கிறது. கீலிலிருந்து துரு வழிகிறது. "இழைத்துத் தருகிறேன், சரியாகிவிடும்" என்கிறார் ஆசாரி. மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாமா?

பதில்: இழைப்புளி இப்போது கதவில் படவே கூடாது. ஈரத்தில் ஊதிய மரத்தைச் சீவினால், சித்திரையில் சுருங்கும்போது இடைவெளி அகன்றுவிடும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

மேல் மூலை மட்டும் இடிப்பதால் கதவு தொங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் அசைந்தால் திருகாணி பிடி விட்டிருக்கிறது. திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசிச் சுற்றை மட்டும் முடுக்கினால் மரநார் கிழிந்து இப்படித்தான் ஆகும். ஓட்டைகளில் மரக்குச்சியைத் தண்ணீர் தாங்கும் பசையோடு இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, சன்னமாகத் துளையிட்டு 50 மி.மீ. திருகாணி போடச் சொல்லுங்கள். 7 அடிக் கதவுக்கு மூன்று கீல் வேண்டும்.

கீல் அசையவில்லையா? நிலை சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். கதவை ஓங்கிச் சாத்தும்போது வெடிப்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். அதிர்ந்தால், நிலையைச் சுவரோடு பிணைக்கும் கிளாம்புகள் சரியாகப் பிடிக்கவில்லை. அதன் மேல் பட்டி பூசுவது வீண். பக்கத்துக்கு மூன்றாக, செங்கலுக்குள் 2 அங்குலமாவது இறங்கும் ஆங்கர் போல்ட் அடித்த பிறகே பூச வேண்டும்.

உப்புக்காற்றில் இரும்புக் கீல் நிற்காது. 'ஸ்டெயின்லெஸ்' என்று விற்பதிலும் 202 தரம் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டாததை வைத்து நம்பிவிடாதீர்கள். 316 தரம் கேளுங்கள், அல்லது பித்தளை. பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணியேதான். இரும்புத் திருகாணி கலந்தால் அது இன்னும் சீக்கிரம் அரிக்கும். பித்தளை முறியக்கூடியது என்பதால், முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றிக் கழற்றி வழி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, நாற்காலியில் ஏறிக் கதவின் மேல் விளிம்பை விரலால் தடவுங்கள். சொரசொரவென்று வெறும் மரம் தட்டுப்பட்டால், கதவு ஈரம் குடிக்கும் வழி அதுதான். கீழ் விளிம்பையும் அப்படியே விட்டிருப்பார்கள். மழை விட்டு மரம் நன்றாகக் காய்ந்ததும் கதவைக் கழற்றி, தேவையானால் மட்டும் இழைத்து (மேலேயும் பக்கங்களிலும் 3 மி.மீ. இடைவெளி போதும்), அன்றைக்கே நாலு விளிம்புக்கும் பிரைமர், பிறகு இரண்டு கை பெயின்ட் அடிக்க வேண்டும்.

கதவு கழன்று கிடக்கும்போது கீழ் விளிம்பை நீங்களே குனிந்து பாருங்கள். அங்கே பெயின்ட் ஏறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.