திருச்சிக்கும் சிபுவுக்கும் பறக்கும் விமானங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வட்டார விமானத் தடங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் வளர்ந்தால் சுற்றியுள்ள ஊர்களும் வளரும் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாபம் இங்கே சிங்கப்பூரிலேயே தங்கிவிடுகிறது. திருச்சி விமானத்தில் போகிறவர்கள் யார்? விடுப்பில் ஊருக்குப் போகும் ஊழியர்களும் எங்களைப் போன்ற குடும்பங்களும்தான். அதைச் சுற்றுலா என்று எப்படிச் சொல்வது? தீபாவளி சமயத்தில் டிக்கெட் விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது. இன்னொன்று, ஒரு தடத்தில் வருமானம் குறைந்தால் நிறுவனம் நிறுத்திவிட்டுப் போய்விடும். அதை நம்பிக் கடை போட்டவர் கதி என்ன?

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனத்தில் பட்டதை நேராகக் கேட்டதற்கு நன்றி.

லாபக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 2024/25 நிதியாண்டில் குழுமத்தின் நிகர லாபம் ஏறக்குறைய 2.78 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). அதில் கணிசமான பகுதி, குழுமம் பங்கு வைத்திருந்த விஸ்தாரா என்ற இந்திய விமான நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்ததால் கணக்கில் வந்தது. பெரும்பங்கு சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம் இருப்பதால் லாபம் இங்கேதான் வரும், மறுக்கவில்லை. ஆனால் 2020/21இல் 4.27 பில்லியன் வெள்ளி நட்டம் வந்தபோது அதைச் சுமந்ததும் இங்கேதான். 2020இல் பங்குதாரர்கள் 8.8 பில்லியன் வெள்ளியைப் போட்டு நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள். விமானம் போய் இறங்கும் ஊருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதை இந்தக் கணக்கேட்டில் தேடிப் பயனில்லை. அதை அந்த ஊர்க் கடைத்தெருவில்தான் பார்க்கவேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது, உறவினரைப் பார்க்கப் போவது சுற்றுலாவா என்ற கேள்வி. ஆம் என்றே உறுதியாகச் சொல்வேன். உலகச் சுற்றுலாக் கணக்கெடுப்பிலும் உறவினர், நண்பர் வீட்டுக்கு வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகளாகவே சேர்க்கப்படுகிறார்கள். கணக்கை விடுங்கள், திருச்சியில் இறங்கும் ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தைக் கவனியுங்கள். வெளியே வந்ததும் இன்னோவா வண்டிக்கு நாள் வாடகை. ஓட்டுநருக்குப் படியும் சாப்பாடும் தனி. மறுநாள் சமயபுரம், அப்புறம் புதுக்கோட்டைப் பக்கம் குலதெய்வம் கோவில். அங்கே பொங்கல் வைக்க, கிடா வெட்ட, சமைத்துப் போட என்று பத்துப் பேருக்காவது அன்றைக்கு வேலை கிடைக்கும். என்.எஸ்.பி. சாலையில் புடவை, அதற்கு ரவிக்கை தைக்க அவசரக் கூலி. பேத்திக்குக் காது குத்து என்றால் நகைக்கடை, மண்டபம், பந்தி. இடையில் யாரோ ஒருவர் பல் மருத்துவரிடம் போவார், இன்னொருவர் மூக்குக்கண்ணாடி மாற்றுவார். பிள்ளைகள் கேட்டால் தஞ்சாவூர், நேர்ந்துகொண்டிருந்தால் வேளாங்கண்ணி.

கடற்கரை ரிசார்ட்டுக்குப் போகிறவர் செலவில் நல்ல பங்கு ஹோட்டல் குழுமத்துக்கும் முன்பதிவு இணையத்தளத்துக்கும் போய்விடும். இந்தக் குடும்பத்தின் பணம் தையற்காரர், ஓட்டுநர், பூக்காரர் கையில் அன்றே விழுகிறது. விலை ஏறினாலும் மழை பெய்தாலும் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றால் வந்தே தீர்வார்கள். வட்டாரச் சுற்றுலாவில் இவ்வளவு உறுதியான வரவு வேறெதுவும் இல்லை என்பேன்.

இது ஒருவழிப் போக்கும் இல்லை. 2024இல் சிங்கப்பூருக்கு வந்த 16.5 மில்லியன் பயணிகளில் ஏறத்தாழ 1.2 மில்லியன் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சீனா, இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் அது. பயணிகள் அமரும் தளத்துக்குக் கீழே சரக்கறை இருக்கிறது. திருச்சியிலிருந்து காய்கறியும் பூவும் அதில்தான் இங்கே வருகின்றன. வாரத்துக்கு எத்தனை விமானம் என்பது அந்தப் பக்கத்து விவசாயிக்கும் முக்கியம், இங்கே தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிறவருக்கும் முக்கியம்.

சரி, இதற்குத் தேசிய விமான நிறுவனம் எதற்கு? திருச்சிக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இண்டிகோவும் விடுகின்றனவே என்று கேட்கலாம். நியாயம்தான், அவர்கள் பங்கும் பெரிது. ஆனால் பெர்த்திலோ மெல்பர்னிலோ இருக்கும் ஒருவர் ஒரே டிக்கெட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சாங்கி விமான நிலையம் வந்து, பெட்டி தானாக மாறி, அதே குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டில் திருச்சி போக முடிகிறதென்றால், பெரிய தடமும் சின்னத் தடமும் ஒரே குடும்பத்தில் இருப்பதுதான் காரணம். பெரிய தடம் கொண்டுவரும் ஆட்கள் சின்னத் தடத்தின் காலி இருக்கையை நிரப்புகிறார்கள்.

சின்ன ஊர்களுக்கு இருக்கைக் கணக்குதான் உயிர். ஸ்கூட்டின் ஏ320 விமானத்தில் 180 இருக்கைகள். மலேசியாவின் சரவாக் மாநிலத்திலுள்ள சிபு போன்ற ஊருக்கு வாரம் சில முறை அத்தனையையும் நிரப்புவது கடினம். 2024இல் ஸ்கூட் 112 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் இ190-இ2 விமானங்களைக் கொண்டுவந்தது. மே மாதம் அவை தாய்லாந்தின் கிராபி, ஹாட் யாய் ஊர்களுக்குப் பறக்கத் தொடங்கின, ஜூனில் சிபு தடம் திறந்தது. மலேசியாவின் குவாந்தானும் மிரியும் அதே விமானத்தின் ஊர்கள். இதில் வரலாறு ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1972 அக்டோபரில் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது, தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் ஊர்களின் உள்நாட்டுத் தடங்கள் மலேசிய நிறுவனத்துக்குப் போயின. போயிங் விமானங்களும் வெளிநாட்டுத் தடங்களும் சிங்கப்பூருக்கு வந்தன. உள்நாட்டுத் தடம் ஒன்றுகூட இல்லாத நாட்டின் விமானம் லண்டன், சிட்னி என்று உலகத்தை நம்பியே வளர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குழுமம் சிபுவுக்குத் திரும்பியிருக்கிறது. ராஜாங் ஆற்றங்கரை ஊருக்கு கோலாலம்பூரோ கூச்சிங்கோ சுற்றாமல் சாங்கியிலிருந்து நேராகப் போகலாம் என்பது, அந்தச் சந்தையில் மிளகு விற்கிறவருக்கு உண்மையான லாபம்.

டிக்கெட் விலை பற்றி உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறை நாட்களில் அந்த விலை, வருடம் முழுக்கச் சேமித்து ஊருக்குப் போகும் கட்டுமான ஊழியரைத்தான் அதிகம் அடிக்கிறது. அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த ஊருக்கு எத்தனை இருக்கை என்பது இரு நாட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. தென்கிழக்காசிய (ஆசியான்) நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சி உண்டு, மதுரை இல்லை. மதுரையும் அதில் சேர்ந்தால் நெருக்கம் குறையும். கூட்ட நாட்களில் கூடுதல் விமானம் விடுவதை நிறுவனமும் தன் கடமையாக எண்ணவேண்டும்.

தடத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். நிறுத்தக்கூடும், உங்கள் பயம் சரியானது. 2021 நவம்பரில் தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணத் தடம் இந்தியாவுக்குத் திறந்தபோது சென்னை, டெல்லி, மும்பை மட்டும்தான் இருந்தன. தனிமைப்படுத்தல் இல்லாமல் சிங்கப்பூர் திரும்ப, திருச்சிக்காரர்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போய்ச் சென்னையில் ஏறவேண்டியிருந்தது. ஒரு ஊர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே வழி, வருகிறவர் இன்னும் இரண்டு நாள் தங்குவதற்கான காரணத்தை உண்டாக்குவதுதான். திருச்சியில் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புது விமான முனையம் அழகாக இருக்கிறது. அங்கிருந்து தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஒரு நல்ல நேரடிப் பேருந்து, கோவிலருகே சுத்தமான கழிப்பறை, கல்வெட்டைப் படித்துச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி ஆகிய மூன்றையும் எந்த விமான நிறுவனமும் கொண்டுவந்து தராது. அவற்றை அந்த ஊர்தான் செய்யவேண்டும்.