சங்கத்துக் கணக்கைப் பெண்கள் கேட்கக் கூடாதா?

கேள்வி: வியாசர்பாடியில் போர்டு வீட்டில் இருக்கிறோம். ஒதுக்கீடு என் பெயரில்தான். எங்கள் 96 வீடுகளுக்குப் பதிவு செய்த நலச் சங்கம் இருக்கிறது. மாதம் 250 ரூபாய் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம்; பாதி மாதம் ரசீது கிடையாது. ஐந்து வருஷமாக அதே தலைவர், அதே பொருளாளர். தேர்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. போன மாதம் தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டினதாகச் சொல்லி வீட்டுக்கு 300 ரூபாய் தனியாக வாங்கினார்கள். பில்லைக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்றார் தலைவர். அவர் என் கணவருக்குச் சித்தப்பா முறை. இவரோ "வம்பு வேணாம்" என்கிறார். பணம் கட்டுவதை நிறுத்திவிடலாமா? பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பொருளாளராக நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கணக்குக் கேட்க உங்கள் கணவர் வர வேண்டிய அவசியமே இல்லை. வீடு உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டது, பணம் கட்டுவதும் நீங்கள். சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். உங்களுக்குப் பதில் கணவர் பெயரை எழுதியிருந்தால், ஒதுக்கீட்டு ஆணையின் நகலை வைத்துத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நாளைக்கு நீங்கள் வாயைத் திறக்கும்போது "பாக்கி வச்சவங்க பேசக் கூடாது" என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார்கள். கட்டுங்கள், ரசீது வாங்காமல் மட்டும் கட்டாதீர்கள். முடிந்தால் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.

96 வீடு, மாதம் 250 என்றால் மாதத்துக்கு 24,000 ரூபாய், வருஷத்துக்கு 2,88,000. மோட்டாருக்கென்று தனியாக வாங்கியது 28,800. இவ்வளவு பணம் ரசீதில்லாமல் கை மாறினால், பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அதை அவரால் நிரூபிக்க முடியாது. தொட்டி கழுவினவருக்கு 600 கொடுத்திருப்பார், பிளம்பருக்கு 400 கொடுத்திருப்பார், எழுதி வைத்திருக்க மாட்டார். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது. "திருடிட்டான்" என்ற பேச்சுத்தான் மிஞ்சும். எண் போட்ட ரசீது புத்தகமும் அதன் அடிக்கட்டையும், செலவுக்கு வவுச்சரும், இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற வங்கிக் கணக்கும் வாங்குகிறவரையும் சேர்த்தே காப்பாற்றும். மோட்டார் கடைக்காரர் பில் கொடுத்தால் காயில், பேரிங், கூலி எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் வரும் கரண்ட் பில்லை யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொது மீட்டரின் இணைப்பு எண் தெரிந்தால் மின்வாரிய இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இனி சட்டம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்கள் மறுபடி வரலாம், ஆனால் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து வர வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை அங்கே வைக்க வேண்டும்; மாவட்டப் பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து வருஷம் தேர்தலே இல்லாத குழு எந்த அதிகாரத்தில் 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் கேட்காதீர்கள். "கணக்கில் தப்பு" என்று எங்கும் எழுத வேண்டாம். சங்கத்தின் துணை விதிகளின் (பைலா) நகல், கடைசி மூன்று ஆண்டுக் கணக்கு, மோட்டார் பில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றும், பொதுக்குழுவுக்குத் தேதி வேண்டும் என்றும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் கேட்டால் அது குடும்பச் சண்டை ஆகிவிடும். முப்பது பேர் கேட்டால் சித்தப்பா உங்கள் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடிக்க முடியாது. நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள்.

பதில் வரவில்லையென்றால் வட சென்னை மாவட்டப் பதிவாளருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, சங்கம் தாக்கல் செய்த நிர்வாகிகள் பட்டியலையும் கணக்குகளையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அங்கே எதுவும் தாக்கலாகவில்லை என்று பதில் வந்தால், அதுவே உங்கள் கையில் பெரிய ஆதாரம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தால் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் பதிவாளர் விசாரணை நடத்தலாம். உங்கள் சங்கத்துக்கு அது 32 கையெழுத்து. தேர்தல் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு மட்டும் சிவில் கோர்ட்டுக்குப் போகும். அது நீளும், அந்த வழியில் அவசரப்பட்டு இறங்காதீர்கள்.

உங்கள் கணவரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. நல்லது கெட்டதுக்கு ஒரே வாசலில் நிற்க வேண்டிய உறவு. நடுராத்திரி மோட்டார் நின்றால் ஓடி வருவதும் அந்தச் சித்தப்பாவாகத்தான் இருக்கும். அந்த உழைப்பைக் கூட்டத்தில் நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கணக்கையும் கேளுங்கள்.

பொருளாளராகக் கட்டாயம் நில்லுங்கள். பல வீடுகளில் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் பார்ப்பது பெண்கள்தான். ஜெயித்த பிறகு, பொறுப்பை எடுப்பதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. பாஸ்புக்கில் உள்ள இருப்பு, கையிருப்பு ரொக்கம், தீராத ரசீது புத்தகங்களின் எண்கள், கொடுக்க வேண்டிய பாக்கி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய பொருளாளரும் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்ட பிறகே பீரோ சாவியை வாங்குங்கள்.