அப்பாவோட மாட்ரிட் பக்கம் மலை நடை, கார் இல்லாம

சகோ, ஜூலைல அப்பாவை கூட்டிட்டு போறீங்க, கார் இல்ல, அவருக்கு முட்டி வலி வேறன்னு எழுதியிருந்தீங்க, அப்போ செர்செடியாங்கற ஊர் தான் சரி, மாட்ரிட் சாமார்த்தின் ஸ்டேஷன்ல இருந்து லோக்கல் ட்ரெயின்லயே போயிடலாம், குவாடர்ராமா மலை அடிவாரம், பைன் காடு, நல்ல நிழல். மேல ஃபுயென்ஃப்ரியா கணவாய் 1796 மீட்டர், அது வரைக்கும் அப்பாவை இழுக்காதீங்க, பழைய கல் பாவுன ரோட்டுல இறங்கும்போது ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம், ஓரமெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கும், முட்டிக்கு ஆகவே ஆகாது. கீழ் பள்ளத்தாக்குலயே நடங்க, அதுவே அவ்ளோ அழகு.

நடைபாதைல வழி காட்ட அடிச்சிருக்கற பெயின்ட் குறி பத்தி கேட்டீங்கல்ல, வெள்ளை-சிவப்பு நீண்ட பாதை, வெள்ளை-மஞ்சள் சின்ன பாதை, வெள்ளை-பச்சை உள்ளூர் பாதை, பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகக்கூடாது.

காலைல சீக்கிரமே கிளம்புங்க, மதியத்துக்கு மேல திடீர்னு இடி மின்னல் வரலாம். ஊர்க் கடையெல்லாம் மதியம் 2 மணி வாக்குல மூடிட்டா சாயங்காலம் தான் திறப்பாங்க, தண்ணி, சாப்பாடு முன்னாடியே வாங்கிடுங்க. வழில மாட்டு கேட் வந்தா தாண்டினதும் மறக்காம சாத்திடுங்க. அப்பாக்கு ஊன்றுகோல் ரெண்டு கண்டிப்பா வேணும், ஒண்ணு பத்தாது.