மண்ணியல் படிக்க ஆசைப்படும் மகளுக்கு: ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு பதில்

"வேளாண்மை சேர்ந்து பிறகு மண்ணியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அதில் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், வேதியியலில் கை நன்றாக இருந்தால். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைக்குப் பாடம் வாசலிலேயே கிடக்கிறது. சிப்பியும் பவளத்துண்டும் பொடிந்து கலந்த மணலில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, நிறைய இருக்கும்.

அந்தச் சுண்ணாம்புதான் மண்ணின் பி.எச். (அமில-கார நிலை) அளவை 7.5 முதல் 8.5 வரை பிடித்து வைக்கிறது. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் கரைசலில் உள்ள துத்தநாகம் நூறில் ஒரு பங்காகவும், ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இறங்கும். மண்ணில் இரும்பு நிறைய இருக்கும், செடிக்குத்தான் எட்டாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

நிலக்கடலையில் இளம் இலை நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுத்தால் அது இரும்புக் குறை. தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்றால் அடியிலுள்ள முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியா போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டாலும் சீக்கிரம் பயனற்றுப் போகும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளிக்க வேண்டும். சிட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் காரத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரில் கரைசல் பழுப்பாகி இரும்பு அடியில் படியும்.

சுண்ணாம்பையே அகற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 2,000 டன் மண் இருக்கும். அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 20 டன். அதைக் கரைக்க 6 டன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். ஜிப்சம் களர் மண்ணுக்கான (சோடியம் மிகுந்த மண்) மருந்து, சுண்ணாம்பைக் குறைக்காது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு விவசாயிக்கு விளக்கத் தெரிந்தவர்தான் நல்ல மண்ணியலாளர்.

நச்சு உலோகம் என்று வந்தால் இதே சுண்ணாம்பு உதவிக்கு வருகிறது. குப்பை மேட்டிலிருந்து கசியும் ஈயம், காட்மியம் இரண்டையும் அது கார்பனேட்டாகவும் பரப்பில் ஒட்டவைத்தும் பிடித்து வைக்கும். ஆனால் அமிலக் கழிவு சேர்ந்தால் பிடி தளர்ந்துவிடும். ஆர்செனிக், மாலிப்டினம் போன்றவை கார நிலையில் அதிகம் நகரும் என்பதால் அவற்றை இந்த மண் நிறுத்தும் என்று நம்பக் கூடாது. மாசுபட்ட நில ஆய்வு, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களுக்குத் தேவைப்படும் அறிவு இதுதான்.

படிப்பு வழி: பிளஸ் டூ அறிவியல் பாடங்கள், அடுத்து 4 ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படிதான் சேர்க்கை, நீட் இல்லை. பிறகு 2 ஆண்டு எம்.எஸ்சி., மண்ணியலும் வேளாண் வேதியியலும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வு, வேளாண் அறிவியல் நிலையங்கள், உர நிறுவனங்கள், மண் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் திறந்திருக்கும். பி.எஸ்சி. வேதியியல் எடுத்தால் ஆய்வுக்கூட வேலைக்குப் போகலாம், வேளாண்மை அலுவலர் தேர்வு மட்டும் எழுத முடியாது. அதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் 10 இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, சீராகச் செதுக்கிய மண்ணைப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ மண் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பட்டும். துத்தநாகப் பூச்சுள்ள வாளி கூடாது, துத்தநாக அளவு பொய்யாக உயரும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் 12 அளவீடுகளில் சுண்ணாம்பு இல்லை. அதனால் ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு நிலையையும் தனியாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.