பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலைஞர்களுக்கு என்னென்ன ஆதரவு கிடைக்கிறது? அவர்கள் எந்தெந்தப் பொருட்களில் வேலை செய்கிறார்கள்?

இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நாரும் மரமும் கைக்கு வராதபோது விருதும் பட்டயமும் வந்து என்ன ஆகப்போகிறது? கைத்தறித் துணி வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன், அதனால் துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்லான் மாகாணத்தின் காலிபோ ஊரில் அன்னாசி இலையிலிருந்து நார் எடுக்கிறார்கள். அதில் நெய்வதுதான் பின்யா துணி. பாரோங் என்கிற அவர்களுடைய மேல்சட்டைக்கு அதைவிட உயர்ந்த துணி கிடையாது. நீண்ட இலையைப் பலகையில் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டுகிறார்கள். மேல்தோல் போய், முதலில் முரட்டு நார் வரும். அதை எடுத்துவிட்டு, தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பால் மறுபடி சுரண்டினால் தலைமுடியைப் போல மெல்லிய நார் கிடைக்கும். பீங்கானை அங்கே வைத்தால் நார் அறுந்துவிடும், அதனால்தான் சிரட்டை. நாரின் நீளம் இலையின் நீளம்தான். ஆகவே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தரித்து, இழையாக நீட்ட வேண்டும். பார்வை கூர்மையாக இருக்க வேண்டிய வேலை. 2023-ல் யுனெஸ்கோ இந்த நெசவை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்திதான். ஆனால் பாராட்டு பெரும்பாலும் நெய்தவரோடு நின்றுவிடுகிறது. நாள் முழுக்க முடிச்சுப் போட்ட அம்மாவை யாரும் கேட்பதில்லை என்பது என் வருத்தம்.

அரசுப் பக்கம் வந்தால், 1992-ல் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தேசியப் பண்பாடு, கலை ஆணையத்தை அமைத்தது. மற்றொன்று மரபுக் கலைஞர்களுக்கான 'மன்லிலிகா நங் பாயன்' என்ற விருதை ஏற்படுத்தியது. விருது பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் மாதத் தொகை உண்டு. அதற்கு ஈடாக, தன் கலையைத் தன் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். இந்த நிபந்தனையை எழுதி வைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

1998-ல் இந்த விருதைப் பெற்றவர் லாங் டுலாய், தெற்கு கோட்டபாட்டோவின் லேக் செபு பகுதியைச் சேர்ந்த டிபோலி இனப் பெண். அவர் நெய்தது டினாலாக் என்ற துணி. அதன் நார் அபாக்கா, வாழையின் உறவு. நாரை அங்கங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் போட்டால், கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். கறுப்புச் சாயம் இலையிலிருந்தும், சிவப்புச் சாயம் வேரிலிருந்தும் வருகிறது. கோலத்தைத் தாளில் வரைந்து பார்ப்பது கிடையாது. கனவில் வந்ததாகச் சொல்வார்கள், மனதில் வைத்தே கட்டுவார்கள். நெய்து முடித்த துணியைச் சோழியால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். லாங் டுலாய் 2015-ல் காலமானார். அவரிடம் கற்ற பெண்கள் நெய்துகொண்டிருக்கிறார்கள். விருது வாங்காத ஆசான்களும் கற்றுத்தர வழியாக 1995 முதல் 'வாழும் மரபுப் பள்ளிகள்' என்ற திட்டத்தையும் ஆணையம் நடத்துகிறது. ஆசான் இருக்கும் ஊரிலேயே வகுப்பு நடக்கும்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? ஒரு பெரிய வழி, வெளிநாட்டுக்குப் புறப்படுபவர்கள் கட்டும் பயண வரி. 2009-ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டப்படி, அதில் பத்தில் ஒரு பங்கு ஆணையத்துக்குப் போக வேண்டும். சாதாரண வகுப்பு விமானச் சீட்டுக்கு 1,620 பெசோ வாங்கினால் 162 பெசோ கலைக்கு. யோசனை நல்லதுதான், ஆனால் 2020 மாதிரி விமானங்கள் நின்றுபோனால் வரியும் நின்றுபோகும். கலைஞனின் கஷ்டம் உச்சத்தில் இருக்கும்போதுதான் கஜானாவும் காய்கிறது. நிலையான பட்ஜெட் ஒதுக்கீடு கூடவே இருந்தாக வேண்டும் என்பேன்.

என்னைக் கேட்டால் 2004-ல் வந்த இன்னொரு சட்டம்தான் நெசவாளிக்கு நெருக்கமானது. அரசு ஊழியர் சீருடையில் உள்நாட்டு இயற்கை நார் கலந்த துணியைப் பயன்படுத்தச் சொல்கிறது அது. மானியம் ஒரு தடவையோடு போய்விடும், ஆர்டர் வருஷா வருஷம் வரும்.

மரத்துக்கு வாருங்கள். லகுனா மாகாணத்தின் பயேட்டே ஊர் சாமி சிலை செதுக்குவதற்குப் பேர் பெற்றது. அவர்கள் தேடுவது பட்டிகுலிங் மரம், உளிக்கு இணங்கிக் கொடுக்கும். 2011-ல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது. காட்டுக்கு அது அவசியமான தடை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செதுக்குபவர்களுக்கென்று அந்த மரத்தைப் பெரிய அளவில் நட்டு வளர்ப்பது ஆதரவுத் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். அதே ஊரில் காகிதத்திலும் பொம்மை செய்கிறார்கள். செதுக்கிய மர அச்சின்மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் கீறிக் கழற்றி, மறுபடி ஒட்டி வண்ணம் பூசுவார்கள். ஒரே அச்சில் எத்தனையோ குதிரைப் பொம்மைகள்.

ஓவியம், சிற்பம், நிறுவல் கலை (பொருட்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் கலை) என்றால் மணிலாவில் 1969-ல் திறந்த பண்பாட்டு மையம் இருக்கிறது. இளம் கலைஞர்களுக்கு 1970 முதல் 'பதின்மூன்று கலைஞர்கள்' விருது தருகிறது. தலைநகருக்கு வெளியே இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. விசாயாஸ் தீவுகளின் கலைஞர்கள் 1990-ல் பாகோலோட் நகரில் தாங்களே 'விவா எக்ஸ்கான்' என்ற கண்காட்சி மாநாட்டைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, தீவு மாற்றி மாற்றி நடத்துகிறார்கள். ஆய்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், மணிலா காட்சிக்கூடங்களுக்கு முன்னால் அங்கே போய்ப் பாருங்கள்.